ஞாயிற்றுக்கிழமை தூங்கும் பிள்ளையை எழுப்பாதீர்கள்

பாலக்கோடு பக்கத்திலிருந்து மாதம் ஒரு முறை ரத்த அழுத்த மாத்திரைக்காக என்னிடம் வரும் அம்மா ஒருவர். தக்காளித் தோட்டம், இரண்டு கறவை மாடு, நாலரை மணிக்கே எழுந்து பழகிய உடம்பு. மாத்திரையை ஒரு நாளும் விடாதவர். டிசம்பர் மாதம் வந்தபோது அழுத்தம் 164/100 காட்டியது. பட்டையை அவிழ்த்துவிட்டு, பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன். பெரிதாக இறங்கவில்லை. "தூக்கம் இல்லையாம்மா?" என்று கேட்டதுதான் தாமதம், கண் கலங்கிவிட்டது.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க மேடம். பாப்பாதான். லண்டன்ல படிக்கறா இல்லீங்களா, ஞாயித்துக்கிழமை ஆனா எந்திரிக்கவே மாட்டேங்கறா. நாங்க சோறு தின்னுட்டு ரெண்டு மணிக்கு வீடியோவுல கூப்பிட்டா போர்வைக்குள்ள இருந்தே பேசறா. நெலத்த அடமானம் வெச்சு அனுப்பிச்சோம். இப்படிப் படுத்துக் கெடந்தா என்னங்க ஆவறது?"

தருமபுரியில் பொது மருத்துவம் பார்க்கும் எனக்கு இந்தக் கவலை புதிதல்ல. அரூர், பென்னாகரம், கிருஷ்ணகிரி என்று எல்லாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வெளிநாடு போய்ப் படிக்கிறார்கள். பெற்றவர்கள் இங்கே சர்க்கரையும் அழுத்தமும் ஏறி என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆட்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நமக்கு மதியம் இரண்டு என்றால் அங்கே காலை எட்டரை. சனிக்கிழமை ராத்திரி அந்தப் பெண்ணுக்குக் கடையில் வேலை. கடை மூடி, தரை துடைத்து, பஸ் பிடித்து அறைக்கு வரும்போது மணி ஒன்று. சாப்பிட்டுப் படுக்க இரண்டு. ஆக, "இன்னுமா தூங்கறே?" என்று அம்மா கேட்ட நேரத்தில் மகள் தூங்கியிருந்ததே ஆறரை மணி நேரம்தான். அந்த வயதுக்கு ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் வேண்டும்.

வாரம் முழுக்க என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மாணவர் விசாவில் பட்டப்படிப்புக்குப் போனவர்கள் பிரிட்டனில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வகுப்பு, அசைன்மென்ட், அதற்கு மேல் இந்த வேலை, பஸ்ஸிலும் ரயிலிலும் போகிற நேரம். அந்தப் பெண் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து, ஐந்தரை மணி நேரம்தான் தூங்குகிறாள். தினம் இரண்டு மணி நேரம் குறைந்தாலும் ஐந்து நாளில் பத்து மணி நேரக் கடன். ஞாயிற்றுக்கிழமை உடம்பு அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது. முழுதாக அடையாது, கொஞ்சம் அடையும்.

அந்த அம்மாவுக்கு இது எப்போது புரிந்தது தெரியுமா? "உங்க அப்பா காலத்துல அமாவாசைக்கு ஏர் பூட்டுவாங்களா?" என்று கேட்டபோதுதான். "பூட்ட மாட்டாங்களே, மாட்டுக்கும் ஆளுக்கும் ஒரு நாள் வேணுமில்ல" என்றவர், சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

அதற்காக நாள் பூராவும் படுக்கையிலேயே கிடப்பது நல்லது என்று நான் சொல்லவில்லை. டிசம்பரில் லண்டனில் காலை எட்டு மணி வாக்கில்தான் சூரியன் வரும், மாலை நாலுக்குள் இருட்டிவிடும். நம் ஊரில் அதே மாதம் பதினொரு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கிறது. ஒன்றரைக்கு எழுகிற பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டரை மணி நேரப் பகல், அதுவும் பெரும்பாலும் மேக மூட்டத்தோடு. உடம்பின் கடிகாரத்தைச் சரிப்படுத்துவது காலை வெளிச்சம்தான். அது கிடைக்காவிட்டால் ஞாயிறு ராத்திரி தூக்கம் வராது, திங்கட்கிழமை காலை நரகமாகிவிடும். பிள்ளைகளே, நன்றாகத் தூங்குங்கள். ஆனால் நண்பகலுக்கு முன் எழுந்து, பல் துலக்கிவிட்டு ஒரு அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்து மறுபடி படுத்தாலும் பரவாயில்லை. இன்னொரு காரியமும் இருக்கிறது: இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும். தாமதமாக எழுந்தால் வாரத்துக்கான அரிசி பருப்பு வாங்குவதும் போய்விடும்.

அங்கே குளிர்கால வெயிலில் தோலில் போதிய வைட்டமின் டி உற்பத்தி ஆகாது. அந்த நாட்டு அரசே இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்கள் வருடம் முழுக்க எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. அப்புறம், பெண் பிள்ளைகளுக்கு விமானம் ஏறும் முன்பே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். சோம்பேறி என்று திட்டு வாங்கிய எத்தனையோ பெண்களுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து நான் சரிசெய்திருக்கிறேன்.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருப்பது வேறு ஒரு பிள்ளையை நினைத்து.

கனடாவுக்குப் படிக்கப் போய், பாதியில் திரும்பி வந்த தம்பி ஒருவன். அவன் அப்பாவுக்கு அவன்மேல் ஒரு குறையும் இருந்ததில்லை. எப்போது கூப்பிட்டாலும் எடுப்பான், "படிச்சிட்டிருக்கேன்பா" என்பான், தலை வாரியிருப்பான். என் எதிரே உட்கார்ந்து அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கட்டில் பக்கத்துலயே ஒரு சட்டை மாட்டி வெச்சிருப்பேன் மேடம். போன் வந்தா அதை பனியனுக்கு மேல போட்டுக்குவேன். பேசி முடிச்சதும் கழட்டிட்டு படுத்துக்குவேன்." ஐந்து வாரம் அப்படி. வகுப்புக்குப் போகவில்லை, இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் சாப்பாடு. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படுத்திருந்ததற்காக வாங்கிய திட்டுதான் அந்தச் சட்டையை அங்கே மாட்ட வைத்தது.

ஓய்வெடுக்கிற பிள்ளை மறுநாள் எழுந்து போகும். எழுந்ததும் பசிக்கிறது என்று சொல்லும், எதையாவது பார்த்துச் சிரிக்கும். மனச்சோர்வு வந்த பிள்ளைக்குத் தூங்கி எழுந்தாலும் அலுப்புத் தீராது. பிடித்த பாட்டு, பிடித்த சாப்பாடு, சிநேகிதர்கள் எதிலும் நாட்டம் இருக்காது. இது பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவம் பார்க்க வேண்டிய நோய். "நான் உங்களுக்குப் பாரம்" என்ற பேச்சோ, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சோ வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே உதவி தேட வேண்டும்.

இங்கே ஒன்றைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பதினெட்டு வயது தாண்டிய பிள்ளையைப் பற்றி அந்த நாடுகளில் கல்லூரியோ மருத்துவரோ அவர்கள் சம்மதம் இல்லாமல் பொதுவாக உங்களிடம் சொல்ல மாட்டார்கள். பிள்ளை வாயிலிருந்து வருவது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். திட்டினால் அதுவும் நின்றுவிடும். அதனால் "இன்னுமா தூங்கறே?" என்பதை விட்டுவிட்டு, "நேத்து எத்தனை மணிக்குப்பா படுத்தே? என்ன சாப்பிட்டே?" என்று கேளுங்கள். பதில் என்னவாக இருந்தாலும் அதோடு பக்கத்து வீட்டுப் பையனை ஒப்பிடாதீர்கள்.

பிரிட்டனில் படிக்கும் பிள்ளைகள் விசா வாங்கும்போதே மருத்துவக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள், மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண்டு. கட்டிய பணத்துக்கு, போன முதல் வாரத்திலேயே பக்கத்து ஜி.பி. (பொது மருத்துவர்) கிளினிக்கில் பெயர் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். அங்கே ராத்திரி எந்நேரமும் பேச சமாரிட்டன்ஸ் என்ற உதவி அமைப்பின் எண் 116 123, கட்டணம் கிடையாது. இங்கே கவலையில் தூக்கம் கெட்ட பெற்றோருக்கும் உதவி உண்டு: அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

பாலக்கோட்டு அம்மா பிப்ரவரியில் வந்தார். 138/86. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணிக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாராம். இப்போது ராத்திரி ஏழு மணிக்கு மேல் மகளே கூப்பிடுகிறாள். "போன வாரம் களி கிண்டினாளாங்க மேடம், கட்டி கட்டியா வந்துடுச்சாம். ஒலை கொதிச்சப்புறம் மாவைக் கொட்டி, மூடி வேகவிட்டுட்டுதான் துடுப்பு போடணும்னு சொன்னேன். முக்கா மணி நேரம் பேசினோமுங்க."