படத்தில் தெரியும் தண்ணீர் எந்த நேரத்துத் தண்ணீர்?

பல ஆண்டுகளுக்கு முன் வட கலிஃபோர்னியாவில் ஒரு சின்னத் துறைமுக ஊருக்காக, மீட்புப் படகு நிற்பதற்கு ஒரு துறை கட்டினோம். திறப்பு விழா காலை பத்து மணிக்கு. கடல் ஏறியிருந்த நேரம். கரையிலிருந்து, தண்ணீரோடு ஏறி இறங்கும் மிதவைக்குப் போகும் நடைபாலம் ஏறக்குறைய சமமாகக் கிடந்தது. எல்லாரும் அதில் நடந்துபோய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள், கேக் வெட்டினார்கள். சில வாரம் கழித்து ஒரு விடியற்காலையில், கடல் நன்றாக வற்றியிருந்தபோது, நெஞ்சுவலி வந்த மீனவர் ஒருவரைப் படகில் கொண்டுவந்தார்கள். அதே பாலம் சறுக்குமரம் மாதிரி நின்றது. பனி ஈரம் வேறு. இரண்டு பேர் தள்ளிக்கொண்டு போக வேண்டிய ஸ்ட்ரெச்சரை ஆறு பேர் பிடித்துத் தூக்கினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். அந்தப் பாலத்தின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்தவன் நான். தண்ணீர்க் கோட்டை மேலே, பார்க்க அழகாக இருக்கும் இடத்தில் போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து கரையோரக் கட்டடத்தின் படம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இதில் இருப்பது எந்த நேரத்துத் தண்ணீர்?

தீயணைப்புப் படகுகளுக்குப் புது நிலையம் கட்டப்போகிறோம் என்று ஊர்க்காரர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் கூட்டங்களுக்கு நான் அடிக்கடி போவேன். அங்கே வழக்கமாக எழும் கேள்வி, “வருஷத்துக்கு எத்தனை கப்பல் தீப்பிடிக்கிறது, இதற்கு இவ்வளவு செலவா?” என்பது. நியாயமான கேள்விதான். ஆனால் தீயணைப்புப் படகின் பெரிய வேலை கப்பல் தீயை அணைப்பது மட்டுமென்று நினைத்தால் கணக்குத் தப்பிவிடும். அது நகர்ந்து போகக்கூடிய ஒரு பம்பு. அதன் தொட்டி கடல்.

சான் பிரான்சிஸ்கோவைப் பாருங்கள். 1906 ஏப்ரல் 18 நிலநடுக்கத்தைவிட அதைத் தொடர்ந்து வந்த தீதான் ஊரை அதிகம் அழித்தது. நிலத்தடிக் குழாய்கள் உடைந்துவிட்டன. மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த ஊரில் அணைக்கத் தண்ணீர் இல்லை. ஊரின் தீயணைப்புத் தலைவர் டென்னிஸ் சல்லிவன் அந்த நிலநடுக்கத்தில் பட்ட காயத்தால் இறந்துபோனார். பிறகு ஊர்க்காரர்கள் தீயணைப்புக்கென்றே தனியாக ஒரு குழாய் வலையை அமைத்தார்கள். 1909-இல் இரண்டு தீயணைப்புப் படகுகளை வாங்கினார்கள், ஒன்றுக்குச் சல்லிவன் பெயர். படகு கரையில் நின்றபடியே அந்தக் குழாய் வலைக்குள் வளைகுடாத் தண்ணீரை ஏற்ற முடியும். அந்த ஏற்பாடு இன்றும் இருக்கிறது.

1989 அக்டோபர் 17 அன்று மறுபடியும் நிலநடுக்கம். மெரினா என்ற பகுதி (நம் மெரினா இல்லை, அவர்களுடையது) மண்ணைக் கொட்டி மேடாக்கிய நிலம். குழாய்கள் உடைந்தன, வீடுகள் எரிந்தன, தெருவோரத் தீயணைப்புக் குழாயான ஹைட்ரண்ட்டைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அப்போது ஊரில் வேலையில் இருந்த ஒரே தீயணைப்புப் படகு ஃபீனிக்ஸ். அது வந்து நின்று வளைகுடாத் தண்ணீரை இறைக்க, தெருவெல்லாம் பெரிய ஹோஸ்களை நீட்டித் தீயை மடக்கினார்கள். அதற்கப்புறம் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் பணம் கொடுக்க, கனடாவின் வான்கூவர் நகரம் பயன்படுத்திய பழைய படகு ஒன்றை வாங்கிக் கார்டியன் என்று பெயர் வைத்தார்கள்.

2016-இல் வந்த செயின்ட் பிரான்சிஸ் என்ற படகு நிமிடத்துக்கு 18,000 கேலன் இறைக்கும். சாதாரணத் தீயணைப்பு வண்டி ஒன்று 1,500 கேலன். சென்னைக் கணக்கில் சொல்வதானால், அந்தப் படகின் வேகம் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஐந்தரைக்கு மேல் ஒரே நிமிடத்தில் காலி செய்யும் வேகம். 2020 மே மாதம் பியர் 45 என்ற கப்பல் துறை எரிந்தபோது, பக்கத்தில் கட்டிக்கிடந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கப்பலான ஜெரமையா ஓ'பிரையனை அந்தப் படகுதான் காப்பாற்றியது. நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று ஹைட்ரண்ட்டுகள் செத்துப்போனபோது, எப்போதோ ஓய்வு கொடுக்கப்பட்டிருந்த ஜான் ஜே. ஹார்வி என்ற 1931-ஆம் ஆண்டுப் படகைக் கூப்பிட்டு இறைக்கச் சொன்னார்கள்.

ஆக, எல்லாம் உடையும் நாளில்தான் இந்தப் படகுக்கு வேலை. அந்த நாளில் படகில் ஏற வேண்டிய ஆட்கள் தூங்கும் கட்டடம் நின்றுகொண்டிருக்க வேண்டும், அவர்கள் படகுவரை போகும் வழியும் நின்றுகொண்டிருக்க வேண்டும். இரண்டாவதைத்தான் எல்லாரும் மறக்கிறோம்.

சான் பிரான்சிஸ்கோவின் 35-ஆம் எண் நிலையம் இதற்கு நல்ல உதாரணம். அந்தத் திட்டத்தில் நான் வேலை செய்யவில்லை, பார்க்கப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். எம்பார்கடேரோ சாலையில், பே பாலத்துக்குப் பக்கத்தில், பியர் 22½ என்ற இடத்தில் 1915-இல் கட்டிய சிறிய தீயணைப்பு நிலையம் இருக்கிறது. அது நிற்பது பழைய கடல் சுவரின் ஓரத்தில். அந்தச் சுவருக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அடியில் இருப்பது வளைகுடாச் சேறு. பெரிய நிலநடுக்கம் வந்தால் சுவரே தண்ணீர்ப் பக்கம் சாய வாய்ப்புண்டு என்று அந்த ஊர்ப் பொறியாளர்கள் பயப்படுகிறார்கள். சேற்றில் தூண் அடித்து அதன்மேல் கட்டினாலும் கட்டடம் ஆடும், கடல் மட்டம் உயர உயரத் தரை தாழ்ந்துகொண்டே போகும்.

அதனால் தெப்பம் கட்டினார்கள். வேறு எந்தச் சொல்லும் இதற்கு இவ்வளவு பொருந்தாது. 173 அடி நீளம், 96 அடி அகலத்தில் ஒரு எஃகு மிதவை, அதன்மேல் இரண்டு மாடி நிலையம். நடு வளைகுடாவில் உள்ள டிரெஷர் தீவில் வைத்து மிதவைமேல் நிலையத்தைக் கட்டி, முடித்த பிறகு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். 2022-இல் திறப்பு விழா நடந்தது. செலவு சுமார் 5 கோடி டாலர். மயிலாப்பூர்க் குளத்தில் டிரம்களைக் கட்டி மூன்று நாள் சுற்றவிடும் தெப்பத்துக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றுதான். இது மட்டும் சுற்றாது. கடலடியில் ஊன்றிய எஃகுத் தூண்களைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் மட்டும் போகும்.

இதில் கிடைக்கும் பெரிய லாபத்தைப் படத்தில் காட்ட முடியாது. படகும் நிலையமும் ஒரே நேரத்தில் ஏறும், ஒரே நேரத்தில் இறங்கும். நிலையத்தின் தரைக்கும் படகின் தளத்துக்கும் உள்ள உயரம் நள்ளிரவிலும் நண்பகலிலும் மாறாது. முழு உடுப்போடு ஓடிவரும் ஒருவர் “இப்போது எத்தனை படி இறங்க வேண்டும்” என்று யோசிக்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தர விதிப்படி தீ அழைப்பு வந்தால் 80 நொடிக்குள் உடுப்பு மாட்டித் தயாராக வேண்டும். அதில் பத்து நொடியைப் பாசி படிந்த ஏணியில் இழப்பது எந்தக் கணக்கிலும் சேராத வீண்.

நம் ஊர்க் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம். சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் பெரிய நாட்களில்கூட ஒரு மீட்டர் அளவுதான். சான் பிரான்சிஸ்கோவில் சாதாரண நாளிலேயே 6 அடிக்கு அருகில் வரும், குளிர்காலத்தின் பெரிய ஏற்ற நாட்களில் 8 அடியைத் தாண்டும். அங்கே 1854-இலிருந்து விடாமல் கடல் மட்டத்தை அளந்து வருகிறார்கள். கடந்த நூறாண்டில் மட்டம் சுமார் 8 அங்குலம் உயர்ந்திருக்கிறது.

இப்போது அந்தப் பாலத்துக்கு வருகிறேன். நிலையம் மிதந்தால் பிரச்சினை தீர்ந்துவிடாது, இடம் மாறும். படகுக்கும் நிலையத்துக்கும் நடுவில் இருந்த உயர வித்தியாசம் இப்போது நிலையத்துக்கும் கரைக்கும் நடுவில் வந்து உட்காரும். சக்கர நாற்காலி போகும் சரிவு என்றால் 12 அடிக்கு 1 அடி. 9 அடி வித்தியாசத்துக்கு 108 அடி நீளப் பாலம் வேண்டும். அமெரிக்க விதியில் படகுத்துறைகளுக்கு ஒரு சலுகை உண்டு: பாலம் 80 அடி இருந்தால் சரிவைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். செலவைக் குறைக்கப் பார்ப்பவர்கள் எல்லாரும் அந்த 80-இல் போய் நிற்பார்கள். பொழுதுபோக்குப் படகுத்துறைக்கு அது போதும். ஆளைக் காப்பாற்றிக் கொண்டுவரும் துறைக்கு 80 அடி போதாது என்பது என் கருத்து. விதி அனுமதிக்கிறது என்று சொல்லி யாராவது என்னிடம் வாதாட வந்தால், ஸ்ட்ரெச்சரில் 90 கிலோ மணல் மூட்டையை வைத்து, வற்றம் இருக்கும் நேரத்தில் ஏற்றிக் காட்டச் சொல்வேன். இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். ஒருமுறை பாலம் நீண்டது.

பாலத்தோடு சேர்ந்து குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின் கேபிள் எல்லாம் கரைக்குப் போகின்றன. நிலநடுக்கத்தில் முதலில் அறுவது இவைதான். எனவே வளையும் இணைப்புகள் வேண்டும், அவை அறுந்தாலும் சில நாள் தாங்கும் ஜெனரேட்டர், குடிநீர், கழிவுத் தொட்டி மிதவையிலேயே வேண்டும். இதை யாரும் மறுப்பதில்லை, பட்ஜெட் வெட்டு வரும்போது மட்டும் தொட்டி சின்னதாகும்.

அடுத்து தூணின் உச்சி. மிதவை பிடித்துக்கொண்டிருக்கும் தூண் எவ்வளவு உயரம்? வருடத்தின் பெரிய ஏற்றம், அதன்மேல் புயல் தள்ளும் தண்ணீர், அதன்மேல் இன்னும் ஐம்பது ஆண்டுக் கடல் உயர்வு, அதன்மேல் சுனாமி. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் கிளம்பிய சுனாமி பசிபிக்கைக் கடந்துவந்து கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் துறைமுகத்தில் மிதவைத் துறைகளை நொறுக்கியது. மிதவை தூணுக்கு மேலே ஏறிவிட்டால் தூங்குபவர்களோடு சேர்ந்து நிலையமே கிளம்பிப் போய்விடும். உயரமான தூண்கள் பார்க்க அசிங்கமாக இருக்கின்றன, கடலை மறைக்கின்றன என்று கூட்டங்களில் புகார் வரும். உண்மைதான், அசிங்கமாகத்தான் இருக்கும். அந்த அசிங்கத்தை வெட்ட வேண்டாம்.

எடை பற்றி ஒரு கதை. நிலத்தில் கட்டும் கட்டடக் கலைஞர் குளிர்பெட்டியை எந்த மூலையில் வைப்பது என்று யோசிப்பார், அது எத்தனை கிலோ என்று யோசிக்கமாட்டார். மிதவையில் கப்பல் வடிவமைப்பாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டுக்கும் கதவுக்கும் எடை கேட்டுக் குறித்துக்கொண்டே இருப்பார். எங்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். நான் வேலை செய்த ஒரு சிறிய மிதவையில், எல்லாம் முடிந்து ஆட்கள் குடிவந்த பிறகு, தங்கள் காசில் உடற்பயிற்சிக்கான இரும்புத் தட்டுகளையும் பழைய ஃப்ரீசர் ஒன்றையும் வாங்கி வந்தார்கள். உதிரி ஹோஸ் சுருள்களும் சேர்ந்தன. எல்லாம் ஒரே பக்கத்தில். வாணலியில் எண்ணெய் ஒரு ஓரமாகவே ஒதுங்குகிறது என்று சமைப்பவர் சொன்ன பிறகுதான் அளந்து பார்த்தோம். அந்தப் பக்கம் இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. தட்டுகளை எதிர்ப்பக்கம் மாற்றினோம், சரியாகிவிட்டது. இப்போது எந்த மிதவையிலும் சுவரில் ஒரு பலகை மாட்டச் சொல்கிறேன்: எந்தப் பக்கம் இன்னும் எவ்வளவு சேர்க்கலாம் என்று.

உள்ளே இன்னொரு விஷயம், குளியலறை. தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் வேலைகளின் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2022-இல் சேர்த்தது. புகைபடிந்த உடுப்போடு சாப்பாட்டு அறைக்குள் வரக்கூடாது. படகு நிலையத்தில் புகையோடு டீசல், சேறு, சாக்கடை கலந்த தண்ணீரில் மூழ்கி எழுந்த நீச்சல் வீரரும் வருவார். வளைகுடாத் தண்ணீர் 10 முதல் 15 டிகிரிக் குளிர். ஆகவே படகிலிருந்து ஏறியதும் முதல் கதவே சுடுதண்ணீர்க் குளியலுக்கும் உடுப்புத் துவைக்கும் அறைக்கும் திறக்க வேண்டும். படுக்கை அறை வழியாகப் போய்க் குளியலறையைத் தேடும் திட்டப்படங்களை இன்னமும் பார்க்கிறேன்.

அனுமதி வாங்கும் கதையைச் சொன்னால் நீளும். ஒன்று மட்டும். 1965-இலிருந்து சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவை நிரப்புவதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டமும் ஆணையமும் இருக்கின்றன. அந்தச் சட்டத்தில் நீண்ட காலம் கட்டிவைத்திருக்கும் மிதவையும் “நிரப்பல்” கணக்கில் வரும். மிதக்கிறதே, எதை நிரப்பினோம் என்று இளம் பொறியாளர்கள் சிரிப்பார்கள். அடியில் வெயில் விழாத தண்ணீரில் மீன் என்ன ஆகும் என்று அடுத்த கேள்வி வரும், சிரிப்பு நிற்கும்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வந்து படங்களை மாட்டி வைத்திருந்தால், வற்ற நேரத்தைக் காட்டும் குறுக்குவெட்டுப் படத்தையும் மாட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் வரையச் சொல்லுங்கள், அரை நாள் வேலைதான். சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருப்பவர்கள் டிசம்பரிலோ ஜனவரியிலோ பெரிய ஏற்றம் வரும் ஒரு நாளில் எம்பார்கடேரோ போய்ப் பாருங்கள். காலையில் ஒருமுறை, கடல் வற்றியபின் மாலையில் ஒருமுறை. நடைபாதையில் நின்றாலே தெரியும். நிலையமும் படகுகளும் காலையில் இருந்த மாதிரியே ஒட்டி நிற்கும், பாலம் மட்டும் வேறு பாலமாக இருக்கும்.