பட்டியலில் முதல் பெயர், முட்டியில் வலி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரி மாதம் பள்ளி திறந்ததும் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். தைப்பூசக் காவடியும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான் வரும். சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கமிருந்து அம்மாக்கள் மகள்களை என் பிசியோதெரபி அறைக்கு அழைத்து வருவார்கள். வருவது முட்டி வலிக்கு. ஆனால் பேச்சு சீக்கிரமே வேறு பக்கம் திரும்பிவிடும். "அந்தப் பொண்ணு போன மேட்ச்சுல பதினாலு பாயிண்ட் போட்டா, இவ ஆறுதான் போட்டா. இவளுக்கு டீம்ல இடம் கிடைக்குமா அக்கா?"

ஒப்பிடுவது தப்பில்லை. கோச்சுக்கு வேறு வழியும் கிடையாது. யாரையாவது எடுத்துத்தான் ஆக வேண்டும். எதை வைத்து ஒப்பிடுகிறோம் என்பதுதான் என் கவலை. 13, 14 வயதுப் பெண்களை உயரத்தையும் பாயிண்டையும் வைத்து வரிசைப்படுத்தினால், யார் சீக்கிரம் வளர்ந்தாள் என்பதைத்தான் பெரும்பாலும் வரிசைப்படுத்துகிறோம். அந்த வரிசையை நம்பி, அணியின் முழு வருடத்தையும் ஒரு பெண்ணின் மேல் ஏற்றி வைக்கிறோம். அந்தப் பாரம் கடைசியில் அவள் முட்டியில் வந்து இறங்குகிறது.

பெண்களுக்கு உயரம் வேகமாக ஏறும் காலம் சராசரியாக 12 வயதை ஒட்டி வரும். அந்த ஒரு வருடத்தில் 8 செ.மீ. வரை கூட வளரலாம். ஆனால் ஒருத்திக்கு இது 10 வயதிலேயே வந்துவிடும், இன்னொருத்திக்கு 14 ஆகும். வயதுக்கு வருவது பெரும்பாலும் இதற்கு ஒரு வருடம் கழித்து. அதற்குப் பிறகு பலரும் இன்னும் 5 முதல் 7 செ.மீ. வரைதான் வளர்கிறார்கள். இங்கே பள்ளி விளையாட்டில் வயதுப் பிரிவு காலண்டர் வருடத்தை வைத்துப் பிரிக்கப்படுவதால், ஜனவரியில் பிறந்தவளும் டிசம்பரில் பிறந்தவளும் ஒரே பிரிவில் நிற்பார்கள். ஒருத்தி வளர்ந்து முடித்திருப்பாள், மற்றவளுக்கு வளர்ச்சி இன்னும் தொடங்கியே இருக்காது.

இதில் இரண்டு பேருக்குமே நஷ்டம் இருக்கிறது. சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒரு வருடத்தில் விளையாட்டையே விட்டுவிடுவாள். பெரியவளை கூடைக்கு அடியில் நிறுத்தி "கையைத் தூக்கிட்டு நில்லு, பந்து வந்தா போடு" என்று சொல்லிவிடுவார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவோ தூரத்திலிருந்து எறியவோ அவளுக்கு யாரும் கற்றுத் தருவதில்லை. 17 வயதில் மற்றவர்கள் அவளை எட்டிப் பிடித்துவிடுவார்கள். அப்போது சராசரி உயரத்தில், கூடைக்கு அடியில் நிற்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாத ஆட்டக்காரியாக அவள் நிற்பாள். 14 வயதில் பட்டியலில் முதல் பெயர் அவளுடையதுதான்.

நான் அம்மாவிடம் கேட்கும் முதல் கேள்வி, "வயசுக்கு வந்து எவ்வளவு நாள் ஆச்சு?" சிலர் கூச்சப்படுவார்கள். சடங்கு செய்து ஊரையே கூப்பிட்டிருப்பார்கள், ஆனால் கோச்சிடம் இந்த விஷயத்தைச் சொல்ல வாய் வராது. கோச்சுக்குத் தெரிய வேண்டிய தகவல் இது. பெண் கோச் இல்லையென்றால் ஒரு ஆசிரியை மூலமாகவாவது சொல்லுங்கள்.

சரி, அந்தப் பதினாலு பாயிண்டுக்கு வருவோம். உதாரணத்துக்கு, அந்தப் பெண் ஆட்டம் முழுவதும் கோர்ட்டில் நின்று, 22 முறை எறிந்து 7 கூடை போட்டிருக்கிறாள், 9 முறை பந்தைப் பறிகொடுத்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மகள் 8 நிமிடம்தான் ஆடினாள். 5 முறை எறிந்து 3 கூடை, ஒரு முறைதான் பந்தை விட்டாள். யார் நன்றாக ஆடினார்கள்? பாயிண்டை மட்டும் எழுதும் தாளில் இதற்குப் பதில் இருக்காது. ஆடிய நிமிடம், எறிந்த எண்ணிக்கை, பறிகொடுத்த பந்து, இந்த மூன்றையும் ஒரு நோட்டில் குறிக்க யாராவது ஒரு பெற்றோர் முன்வந்தால் போதும். அப்போதும் இரண்டு ஆட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அணியின் வாய்ப்பைக் கணிப்பதிலும் இதே கதைதான். 30 பாயிண்டில் 22 ஒருத்தியே போட்டால் "இந்த வருஷம் கப் நமக்குத்தான்" என்பார்கள். எனக்கு அந்த எண்ணைப் பார்த்தால் பயம்தான் வரும். எதிரணி அவளை இரண்டு பேராக மறித்தால் என்ன ஆகும்? ஐந்து ஃபவுல் ஆகி அவள் வெளியே போனால்? காய்ச்சல் வந்தால்? பள்ளிப் பெண்கள் ஆட்டத்தில் நான் கோர்ட் ஓரத்தில் நின்று பார்த்தவரை, பந்தை விதிப்படி எட்டு விநாடிக்குள் பாதிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கும் அணி, உயரமான ஒருத்தியை வைத்திருக்கும் அணியை விட வருடக் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது. ஐந்தாவது, ஆறாவது ஆட்டக்காரி எப்படி ஆடுகிறாள் என்று பாருங்கள். அணியின் எதிர்காலம் அங்கேதான் தெரியும்.

இப்போது முட்டி. கூடைப்பந்து ஆடும் பெண்களுக்கு ஏ.சி.எல். எனும் ஜவ்வு கிழிவது, அதே ஆட்டம் ஆடும் ஆண்களை விட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். பாதிக்கு மேல் யாரும் இடிக்காமலே நடக்கிறது: குதித்து இறங்கும்போது, சட்டென்று திரும்பும்போது. நம் ஊரில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் பெண்களின் பெரிய விளையாட்டு நெட்பால். 2023இல் அதன் உலகக் கோப்பையே கேப் டவுனில் நடந்தது. கூடைப்பந்தில் நன்றாக ஆடுபவளைத்தான் நெட்பாலுக்கும் இழுப்பார்கள். நெட்பாலில் பந்தைப் பிடித்தவள் தட்டிக்கொண்டு ஓட முடியாது. ஊன்றிய காலிலேயே நிற்க வேண்டும், மூன்று விநாடிக்குள் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் திடீர் நிறுத்தம் முழுவதையும் முட்டிதான் தாங்குகிறது. பல பள்ளிகளில் கோர்ட் வெறும் சிமெண்ட் தரை. குளிர்காலத்தில் நெட்பால், வெயில் காலத்தில் கூடைப்பந்து, வார இறுதியில் கிளப் ஆட்டம். அந்தக் காலுக்கு ஓய்வு எப்போது?

என் அறையில் 30 செ.மீ. உயரத்தில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. அதிலிருந்து இரண்டு காலாலும் இறங்கி, தரையைத் தொட்டதும் மேலே எம்பச் சொல்வேன். முன்னால் நின்று போனில் ஸ்லோமோஷனில் பிடிப்பேன். கண்ணுக்கு நேராக இறங்கியது போலத்தான் தெரியும். படத்தை மெதுவாக ஓட்டினால், பாதம் தரையில் பட்ட கணத்தில் இரண்டு முட்டியும் ஒன்றையொன்று இடிக்கப் போவது போல உள்ளே சாயும், பிறகுதான் வெளியே வரும். அதைப் பார்த்த அம்மாக்கள் அதன் பிறகு பாயிண்ட் பற்றிப் பேசுவதில்லை. இது திருத்தக்கூடிய விஷயம். இடுப்பு, தொடைத் தசைகளை வலுவாக்கி, முட்டியை மடக்கிச் சத்தமில்லாமல் இறங்கப் பழக்கும் 15, 20 நிமிட வார்ம்-அப்பை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை செய்தால் இந்தக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. இதற்குப் பணமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். அணியில் இடம் கிடைத்த பெண்களோடு கிடைக்காதவர்களும் செய்யட்டும்.

அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளிப் பெண்களுக்கு நாடு தழுவிய தரவரிசையே போடுகிறார்கள். 2020இல் பள்ளி முடித்தவர்களில் ஈ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனலின் பட்டியலில் முதலிடம் பெய்ஜ் பெக்கர்ஸ், அடுத்து ஏஞ்சல் ரீஸ், கேமரன் பிரிங்க், நான்காவது கெய்ட்லின் கிளார்க். கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் டிவிஷனில் ஆண், பெண் இருபாலரிலும் அதிகப் பாயிண்ட் எடுத்தவராக 2024இல் ஆனது அந்த நான்காவது பெண். பெக்கர்ஸுக்கு 2022இலும் பிரிங்க்குக்கு 2024இலும் ஏ.சி.எல். கிழிந்தது. அடுத்த வருடப் பட்டியலில் உச்சத்தில் இருந்த ஆஸி ஃபட், பள்ளி நாட்களில் 2019இலும் கல்லூரியில் 2023இலும் அதே காயத்தைச் சந்தித்தார். அவரும் பெக்கர்ஸும் திரும்பி வந்து 2025இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குத் தேசிய சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தார்கள். சுற்றிலும் மருத்துவர்களும் பயிற்சியாளர்களும் இருந்த பெண்கள் இவர்கள். நம் பிள்ளைகளுக்குப் பல நேரம் ஒரு ஐஸ் பை கூடக் கிடைப்பதில்லை.

வாரத்தில் பயிற்சியும் ஆட்டமும் சேர்ந்து ஆகும் மணி நேரம், பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. 14 வயது என்றால் 14 மணி நேரம், பள்ளி, கிளப், நெட்பால் எல்லாம் சேர்த்து. 14 வயதுக்கு முன் கூடைப்பந்து ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. அமைப்பே 2016இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

சாப்பாடு பற்றியும் கொஞ்சம். காவடி விரதத்தோடு பிப்ரவரி வெயிலில் பயிற்சிக்குப் போகும் பெண், தண்ணீரையும் பழத்தையும் விடக் கூடாது. புரட்டாசியில் கறி மீன் இல்லாத மாதம் முழுக்க இரும்புச்சத்துக்குப் பருப்பு, சுகர் பீன்ஸ் கறி, கீரை இருக்கட்டும். எலுமிச்சை பிழிந்து சாப்பிடச் சொல்லுங்கள், சாப்பாட்டோடு டீ வேண்டாம். வழக்கமாக வரும் மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோனால், "விளையாடுறா, அதனாலதான்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் போங்கள். ஆடும் அளவுக்குச் சாப்பிடவில்லை என்பதற்கு அது ஒரு அடையாளம், எலும்பும் பலவீனமாகும்.

முட்டிச் சில்லுக்குக் கீழே தொட்டால் வலிக்கும் மேடு, வளரும் வயதில் அடிக்கடி வருவது. ஆட்டத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும், பயப்பட வேண்டாம். ஆனால் இறங்கும்போது "டப்" என்று ஏதோ விட்டது போலத் தோன்றி, ஓரிரு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால் அன்றைக்கு அவள் மறுபடி கோர்ட்டில் இறங்கக் கூடாது. கட்டுப் போட்டு இரண்டாவது பாதியில் இறக்கிவிட்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அது ஏ.சி.எல். என்று தெரிந்து அறுவை சிகிச்சையும் ஆகிவிட்டால், ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி முட்டியில் காயம் படும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். ஒன்பது மாதம் ஆன பிறகும் இரண்டு காலின் பலத்தையும் அளந்து பார்த்துத்தான் விட வேண்டும். பிப்ரவரியில் அறுவை சிகிச்சை என்றால் நவம்பருக்கு முன் எந்தப் பட்டியலிலும் அவள் பெயர் இருக்கக் கூடாது. கப் ஃபைனல் அக்டோபரில் இருந்தாலும் சரி.