வீட்டில் யாரும் யார் தலையையும் அழுத்திப் பார்க்க வேண்டாம்

பிசியோதெரபிஸ்டான என்னிடம் போன வாரம் ஒரு மகன் தன் அப்பாவை அழைத்து வந்தார். அப்பாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். சில மாதங்களாகக் கழுத்து வலி, இரண்டு கைகளிலும் மதமதப்பு. மகன் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்து, தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, உச்சியில் இரண்டு கைகளாலும் அழுத்தியிருக்கிறார். வலி கைக்கு இறங்கவில்லை. “டெஸ்ட் நெகட்டிவ்தாம்பா, நரம்புல ஒண்ணும் இல்ல” என்று அத்தோடு விட்டுவிட்டார்கள். என்னிடம் வந்தபோது அந்தப் பெரியவரால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. நடக்கும்போது செருப்பு காலிலிருந்து கழன்று போவதுகூடத் தெரியவில்லை. அவருக்கு நசுங்கிக்கொண்டிருந்தது கைக்குப் போகும் நரம்பு அல்ல, தண்டுவடம். அன்றைக்கே நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினேன்.

இப்படி வருகிறவர்கள் அதிகமாகிக்கொண்டே போகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த மகன் செய்ததற்கு ஸ்பர்லிங் டெஸ்ட் என்று பெயர். ஸ்பர்லிங், ஸ்கோவில் என்ற இரண்டு அமெரிக்க அறுவை சிகிச்சை நிபுணர்கள் 1944இல் விவரித்தது. கழுத்தெலும்புகளுக்கு நடுவிலிருந்து கைக்கு இறங்கும் நரம்பின் வேர் நெருக்கப்படுகிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே அது. தண்டுவடத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. தண்டுவடப் பாதிப்புக்கு நாங்கள் பார்ப்பவை வேறு: நடை எப்படி இருக்கிறது, நடுவிரல் நகத்தைச் சுண்டினால் கட்டைவிரல் தானாக மடங்குகிறதா, பத்து நொடியில் விரல்களை எத்தனை முறை மூடித் திறக்க முடிகிறது. தண்டுவடத்தில் சந்தேகம் இருந்தால் தலையை அழுத்தவே கூடாது. ஏற்கெனவே குறுகியிருக்கும் இடத்தை அது இன்னும் குறுக்கும்.

இனி, தினம் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போன விஷயம். “தலையை அழுத்தினா கழுத்து வலிக்குது சார், அப்ப டிஸ்க்தானே?” கழுத்தெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. கழுத்து வலி உள்ளவரின் கழுத்தைச் சாய்த்து அழுத்தினால் கழுத்து வலிக்கத்தான் செய்யும். தசைப் பிடிப்பு இருந்தாலும் வலிக்கும், சிறு மூட்டு இறுகியிருந்தாலும் வலிக்கும், ராத்திரி தலையணை சரியில்லாமல் படுத்திருந்தாலும் வலிக்கும். வலி கழுத்தைத் தாண்டி, தோளைத் தாண்டி, கைக்குள் இறங்க வேண்டும். அதுவும் ஏதோ ஒரு வலி போதாது. அவரைத் தூங்கவிடாமல் செய்கிற அதே குடைச்சல், அதே விரலின் மதமதப்பு திரும்பி வர வேண்டும். “ஆமா, இதான் அந்த வலி” என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். அப்போதுதான் பாசிட்டிவ். கழுத்தோடு நின்றுபோன வலியைப் பாசிட்டிவ் என்று எழுதி அனுப்பும் சீட்டுகளையும் பார்க்கிறேன். அது தொழில் தெரிந்தவர்களே செய்கிற தவறு. அதனால் வருத்தம் இன்னும் அதிகம்.

நெகட்டிவ் என்றால் நரம்பு சுத்தம் என்றும் அர்த்தம் இல்லை. நரம்பு வேர் பாதித்தவர்களிலேயே நிறையப் பேருக்கு இந்த டெஸ்ட்டில் ஒன்றும் தெரியாது. அதனால்தான் ஒன்றை மட்டும் வைத்து நாங்கள் முடிவு சொல்வதில்லை. 2003இல் வெய்ன்னர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நான்கு சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள்: ஸ்பர்லிங்; தலையை மெதுவாக மேலே தூக்கிப் பிடித்தால் கைவலி குறைகிறதா; கையை நீட்டி நரம்பை இழுத்துப் பார்க்கும் சோதனை; வலிக்கும் பக்கம் தலையை 60 டிகிரிக்குத் திருப்ப முடியாமல் போவது. நான்கும் பாசிட்டிவ் என்றால் நரம்பு வேர்ப் பிரச்சினைக்கான வாய்ப்பு சுமார் 90 சதவீதம், மூன்று என்றால் 65. இதில் கையை நீட்டிப் பார்க்கும் சோதனை நெகட்டிவாக இருப்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல், ஏனென்றால் உண்மையான நரம்புச் சிக்கல் அதில் தப்புவது அபூர்வம். ஆனால் முழங்கை மடிப்பில் சுரீரென்று இழுப்பது நல்ல ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். பிசியோதெரபி மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: மறு கையோடு ஒப்பிடாமல் எதையும் எழுதாதீர்கள்.

மணிக்கட்டு நாடியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி மூச்சை இழுக்கச் சொல்லும் வீடியோக்களும் ஓடுகின்றன. அது ஆட்சன் டெஸ்ட், 1927ஆம் ஆண்டுச் சங்கதி. கழுத்துக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையில் நரம்போ ரத்தக் குழாயோ நெருக்கப்படுகிறதா என்று பார்ப்பது. எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கே அப்படித் திருப்பும்போது நாடி மங்கும். நாடி நின்றுவிட்டதே என்று பயந்து, அழுதுகொண்டே வந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இதைப் புரிய வைக்கவே நெடுநேரம் ஆனது.

ஸ்கேனும் இப்படித்தான். ஜப்பானில், கழுத்தில் எந்தத் தொல்லையும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபதுகளில் இருந்தவர்களிலேயே பத்தில் ஏழு பேருக்கு மேல்! 2015இல் வெளியான ஆய்வு அது. ரிப்போர்ட்டில் ‘பல்ஜ்’ என்று இருப்பதைப் பார்த்துக் காலர் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தலையை அழுத்தக் கூடாதவர்கள் யார் என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். வண்டியிலிருந்து விழுந்தவர்கள், முடக்குவாதம் (மூட்டுகளைத் தாக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ளவர்கள், எலும்பு தேய்ந்து பலவீனமான வயதானவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள். முடக்குவாதத்தில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைப் பிடித்திருக்கும் தசைநார் தளர்ந்திருக்கலாம். அந்தக் கழுத்தில் விளையாடக் கூடாது. அடிபட்ட பிறகு 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர், மூன்றடி உயரத்திலிருந்து விழுந்தவர், கைகால் விறுவிறுக்கிறது என்பவர், இவர்களுக்கெல்லாம் முதலில் படம் எடுக்க வேண்டும் என்கிறது கனடாவில் உருவான விதி. நம் ஊரிலோ முதலில் சுளுக்கு எடுக்கக் கூட்டிப் போகிறோம். சலூனில் தலையைப் பிடித்து ‘டக்’கென்று திருப்புவதையும் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்து ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம்.

இதுவரை வராத மாதிரியான கழுத்து வலியோ தலைவலியோ வந்து, கூடவே பார்வை இரட்டையாவது, பேச்சுக் குழறுவது, விழுங்க முடியாமல் போவது இருந்தால் பிசியோவிடம் வராதீர்கள், நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். இடது கை வலியோடு வியர்த்துக் கொட்டினாலும் அப்படித்தான். புகை பிடிப்பவருக்குத் தோளிலும் கையின் உள்பக்கத்திலும் ராத்திரியில் விடாத வலி இருந்து, ஒரு கண் இமை தொங்கினால் நுரையீரலின் உச்சியில் கட்டி இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும். கை விரல் வேலைகள் தடுமாறினால், குனியும்போது முதுகில் கரண்ட் அடித்தால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

மற்றபடி கை குடைச்சல் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே தணியும். பரிசோதனைக்கு வரும்போது ஸ்கேனோடு சில விவரங்களையும் கொண்டு வாருங்கள். எந்த விரல் மரத்துப்போகிறது? கட்டைவிரலா, நடுவிரலா, சுண்டுவிரலா? கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் வலி குறைகிறதா? இருமினால் கைக்குப் பாய்கிறதா? எழுதி எடுத்து வந்தால் நல்லது.