ஃபில்லட் ஏன் வேறு விளிம்புக்குத் தாவுகிறது?

"நடுவில் ஒரு பள்ளம் சேர்த்தேன், முன்பக்கம் போட்டிருந்த ஃபில்லட் வேறு எங்கோ போய்விட்டது. ஏன்?" என்று இயந்திரவியல் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஃபில்லட் என்பது கூர்மையான விளிம்பை வளைவாக மழுங்கடிப்பது.

கேட் (CAD, கணினிவழி வடிவமைப்பு) மாடல் உண்மையில் ஒரு செய்முறை: ஸ்கெட்ச் (தட்டையான வரைபடம்), எக்ஸ்ட்ரூட் (அதைக் கனவுருவாக நீட்டுவது), பள்ளம், ஃபில்லட். எதை மாற்றினாலும் மென்பொருள் இந்த வரிசையை மறுபடி ஓட்டி உருவத்தைப் புதிதாகக் கட்டும். 100×60×20 மி.மீ. கட்டைக்கு 12 விளிம்புகள். மேற்புறம் நடுவே, நீளவாக்கில் முன்முனை முதல் பின்முனை வரை 8 மி.மீ. அகலப் பள்ளம் வெட்டினால் 24. ஃபில்லட் "7-ஆம் விளிம்பு" என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தால், அந்த எண் இப்போது வேறொன்றுக்குப் போயிருக்கலாம்.

1990-களில் பர்டூ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் ஹாஃப்மன் குழு உள்ளிட்டோர் ஆராய்ந்த வழி, விளிம்பைப் பிறப்பால் அடையாளம் காண்பது. ஸ்கெட்சின் எந்தக் கோட்டிலிருந்து எந்த முகம் (பக்கப் பரப்பு) வந்தது என்று குறித்துக்கொண்டால், "மேல்முகமும் முன்முகமும் சந்திக்கும் விளிம்பு" என்ற பெயர் எண் மாறினாலும் நிற்கும்.

அழகே இதற்கு அப்புறம்தான். பள்ளம் முன்பக்க மேல்விளிம்பான அந்த 60 மி.மீ. விளிம்பை 26, 26 என இரண்டாக்கிவிடுகிறது. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, இரண்டுக்கும் பெற்றோர் ஒன்றே! எனவே அண்டை முகத்தைக் கேட்க வேண்டும்: பள்ளத்தின் இடச்சுவரைத் தொடும் துண்டா, வலச்சுவரைத் தொடும் துண்டா? இனி பள்ளத்தை இடப்பக்கம் நகர்த்திக்கொண்டே போங்கள். ஓரத்தை உடைத்ததும் இடச்சுவரும் இடத்துண்டும் சேர்ந்தே மறையும். விளிம்புகள் 18 ஆகும். நல்ல முறை அங்கே "அந்த விளிம்பு இல்லை" என்று பிழை காட்டி நிற்கும். மிஞ்சிய துண்டில் சத்தமில்லாமல் ஃபில்லட் போடுவதுதான் ஆபத்து. டாலரன்ஸ் (அனுமதிக்கும் அளவு வேறுபாடு) குறிப்பு, சிஎன்சி (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) பாதை, அளவுச் சோதனை எல்லாம் இதே பெயர்களைத்தான் நம்பியிருக்கின்றன.

இலவச மென்பொருளான ஃப்ரீகேட் இச்சிக்கலைப் பெரிதும் தணித்தது 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான். கண்ணுக்குத் தெரியாத இந்த அடித்தள வேலைக்குத்தான் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சி நிதி தர வேண்டும். பளபளக்கும் டெமோவுக்கு நிறுவனங்களே செலவழிக்கட்டும்.

இந்தச் சிக்கலைக் குறைக்க, ஸ்கெட்சை முகத்தின் மேல் வரையாமல் டேட்டம் தளத்தில் (நிலையான ஆதாரத் தளம்) வரையுங்கள்; ஃபில்லட்டைக் கடைசியில் போடுங்கள். ஸ்கிரிப்ட் வைத்துப் பல அளவுகளை உருவாக்குபவர்கள் கனஅளவையும் சரிபார்க்க வேண்டும். 3 மி.மீ. ஆரமுள்ள ஃபில்லட், விளிம்பின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 1.93 கன மி.மீ. எடுக்கும், 26 மி.மீ. துண்டுக்குச் சுமார் 50. அதற்குப் பதில் 193 குறைந்திருந்தால் ஃபில்லட் 100 மி.மீ. விளிம்பில் ஏறிவிட்டது என்று பொருள். இரண்டு 26 மி.மீ. துண்டுகளுக்குள் மாறிப்போனால் கனஅளவு காட்டிக்கொடுக்காது. ஈர்ப்பு மையத்தைப் பாருங்கள்: இடத்துண்டில் பொருள் குறைந்தால் அது வலப்பக்கம் நகர்ந்திருக்கும்.