உடம்புவலியாக வந்து நிற்கும் மனச்சோர்வு

மனச்சோர்வு உள்ளவர் அழுதுகொண்டே இருப்பார் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அழாமலேயே மாதக்கணக்கில் அவதிப்படுபவர்கள் ஏராளம். நம் ஊரில் அது தலைவலி, முதுகுவலி, அசதி என்று உடம்பின் வழியாகத்தான் பல நேரம் டாக்டரிடம் போய்ச் சேர்கிறது. ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்தால் சத்து மாத்திரையோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

சரி, எதைக் கவனிப்பது? சோகத்தைவிட, ஆர்வம் போய்விட்டதா என்று பாருங்கள். தினமும் வரி விடாமல் பேப்பர் படித்தவர் அதைப் பிரிக்காமலே வைத்திருப்பார். பேரக்குழந்தை மடியில் ஏறினாலும் முகம் மலராது. இது திமிரும் அல்ல, சோம்பலும் அல்ல. ஒன்றை ஆசையோடு எதிர்பார்க்கவும் அதற்காக எழுந்து போகவும் நம்மைத் தூண்டும் மூளைப் பகுதிகள் மந்தமாகிவிடுகின்றன. “மனசைத் தேத்திக்கோ, கோயிலுக்குப் போயிட்டு வா” என்று சொன்னால் அவரால் எழ முடியாததும் அதனால்தான்.

தூக்கமும் காட்டிக்கொடுக்கும். விடியற்காலை 3 மணிக்கே விழிப்பு வந்துவிடும். அப்புறம் தூக்கம் வராது. காலையில் மனபாரம் அதிகமாகவும் சாயங்காலம் கொஞ்சம் தேவலையாகவும் இருக்கும். சிலருக்கு நேர்மாறாக, பகலெல்லாம் தூக்கம்.

டாக்டர்கள் பிஎச்கியூ-9 என்றொரு கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறார்கள். கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27இல் 10ஐத் தொட்டால் விரிவாக விசாரிக்க வேண்டும். ஏன் 2 வாரம்? சாதாரணக் கவலை வந்து வந்து போகும், நடுவில் சிரிப்பும் வரும். மனச்சோர்வு அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி விலகாமல் நிற்கும். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே அசதியைத் தரும் என்பதால் அவற்றையும் சோதிப்பார்கள்.

ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் இந்த நாள் கணக்கே கூடாது. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்பது அது. யாராவது அப்படிச் சொன்னால் தனியே விடாதீர்கள்; அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். நேராகக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம், கேட்பதால் அது வருவதில்லை. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416இல் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

மாத்திரை எழுதிக் கொடுத்தால் பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகும். பத்து நாளில் “ஒண்ணும் கேக்கல” என்று நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதானாலும் டாக்டரைக் கேட்டு, படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.