ஹெர்க் ஆன்டிபாடி: இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

விரல் நுனி அளவு பிளாஸ்டிக் குப்பி, உள்ளே ஹெர்க் ஆன்டிபாடி. அதில் ஒட்டிய துணுக்குச் சீட்டில் 'ஆன்டி-ஹெர்க்', 'முயல்', 'மைனஸ் 20 டிகிரியில் வைக்கவும்' என்று அச்சடித்திருக்கும். நான் பார்த்த ஒரு மொழிபெயர்ப்பில் இதை 'ஹெர்க் எதிர்ப்பு மருந்து' என்று எழுதியிருந்தார்கள். இது மருந்தே இல்லை, பெரும்பாலும் ஹெர்க்கின் வேலையைத் தடுப்பதும் இல்லை. ஒரு திசுவில் ஹெர்க் புரதம் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆய்வகத்தில் பயன்படுத்தும் பொருள், அவ்வளவுதான்.

முதலில் ஹெர்க். நம் இதயத் தசைச் செல்லின் சவ்வில் இருக்கும் பொட்டாசியம் சேனல் இது, நான்கு ஒரே மாதிரித் துண்டுகள் கூடி நடுவில் ஒரு துளை. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதன் வழியாகப் பொட்டாசியம் அயனிகள் வெளியேறினால்தான் செல் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். இது அடைபட்டால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி (இதயத்தின் கீழறைகள் துடித்து மீள எடுக்கும் நேரம்) நீண்டு, உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரையை 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்ததற்கு இதுதான் காரணம். பெயர் வந்த கதை பழ ஈயில் தொடங்குகிறது. ஈதர் மயக்கம் கொடுத்ததும் சில மரபு மாற்ற ஈக்கள் கால்களை உதறி ஆடின, அந்தக் கால கோ-கோ நடனம் போல. அதனால் 1969-இல் அந்த மரபணுவுக்கு 'ஈதர்-அ-கோ-கோ' என்று பெயர் வைத்தார்கள். மனிதரிடம் அதன் உறவுக்கார மரபணு 1994-இல் கிடைத்தது. 'மனித ஈதர்-அ-கோ-கோ தொடர்புடைய மரபணு' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் ஹெர்க்.

இனி ஆன்டிபாடி, அதாவது உடல் ஓர் அந்நியப் பொருளை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ள உருவாக்கும் புரதம். ஜெர்மன் அறிஞர் பால் எர்லிக் 1891-இல் எழுதிய 'ஆன்டிகோர்ப்பர்' என்ற சொல்லை ஆங்கிலம் அப்படியே பெயர்த்துக்கொண்டது. கோர்ப்பர் என்றால் உடல் என்பது சரிதான், ஆனால் அன்றைய வேதியியலில் எந்த ஒரு பொருளையும் கோர்ப்பர் என்பார்கள். ஆகவே 'எதிருடல்' என்று பெயர்த்தால் பிழை. 'ஆன்டி' கிரேக்கச் சொல்; எதிராக என்பதோடு, எதிரே என்ற பொருளும் அதற்கு உண்டு. நம் 'எதிர்' என்ற சொல்லும் அப்படித்தானே? சண்டைக்கு வருபவனும் எதிரி, எதிரே போய் வரவேற்பதும் எதிர்கொள்வது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'எதிர்ப்பொருள்' என்று இருக்கும். சுருக்கமான சொல்தான், ஆனால் இயற்பியலில் ஆன்டிமேட்டருக்கும் அதே சொல் வழங்குவதால் குழப்பம். இலங்கைப் பாடநூல்களில் 'பிறபொருளெதிரி'. நீளம் என்று முதலில் எனக்கும் தோன்றியது. அப்புறம் அந்தக் குப்பிச் சீட்டில் இருக்கும் 'முயல்' என்ற சொல்லை யோசித்தபோதுதான் இது எவ்வளவு பொருத்தமான சொல் என்று புரிந்தது.

குப்பிக்குள் இருப்பது எப்படி உருவாகிறது? மனித ஹெர்க்கின் ஒரு சிறு துண்டை எடுத்து முயலுக்கு ஊசி போடுகிறார்கள். நமக்கு அது சொந்தப் புரதம், முயலுக்கோ பிறபொருள். முயலின் நோயெதிர்ப்பு மண்டலம் அதை அந்நியமாகக் கண்டு, கவட்டை வடிவில் ஒரு புரதத்தைச் செய்கிறது, கவட்டையின் இரண்டு நுனிகளும் அந்தத் துண்டை மட்டும் தேடிப் பற்றும். முயலிடமும் ஹெர்க் போன்ற புரதம் உண்டு என்பதால், எந்தத் துண்டை ஊசி போடுவது என்பதையே கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது; சொந்தம்போலவே இருந்தால் முயலின் உடல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். இந்த விவரம் முழுக்க 'பிறபொருள்' என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கிறது, ஆங்கிலச் சொல்லில்கூட இல்லை. என் ஓட்டு பிறபொருளெதிரிக்குத்தான்.

சேனலுக்குக் 'கால்வாய்' என்று எழுதுபவர்கள் உண்டு. கால்வாய் எப்போதும் திறந்தே கிடக்கும், ஹெர்க்கோ மின்னழுத்தம் பார்த்துத் திறந்து மூடும். ஏரி மதகு மாதிரி. 'பொட்டாசிய மதகு' என்றால் கிராமத்துப் பிள்ளைக்கும் உடனே பிடிபடும்.

சரி, 'ஆன்டி-ஹெர்க்' என்பதில் வரும் ஆன்டியை என்ன செய்வது? அங்கே 'எதிர்ப்பு' வேண்டாம், 'அறியும்' போதும். ஆய்வகத்தில் அது செய்கிற வேலையும் அதுதான். வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் செல்லிலிருந்து எடுத்த புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, மெல்லிய தாள் போன்ற சவ்வுக்கு மாற்றி, அதன்மேல் இதை ஊற்றினால் ஹெர்க் இருக்கும் இடத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும். வழக்கமாக இரண்டு பட்டைகள் தெரியும்: 135 கிலோடால்டன் (புரதத்தின் எடையைச் சொல்லும் அலகு) அருகே ஒன்று, அது சர்க்கரைச் சங்கிலி முழுதாகச் சேராத இளம் ஹெர்க், 155 அருகே இன்னொன்று, அது முதிர்ந்து செல்சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தது. மரபணுக் கோளாறால் ஹெர்க் சவ்வுக்குப் போகாமல் செல்லுக்குள்ளேயே தங்கிவிட்டால், 155 அருகே உள்ள மேல் பட்டை மங்கும் அல்லது காணாமலே போகும்.

நானாக இருந்தால் அந்தச் சீட்டில் இப்படி எழுதுவேன்: 'மனித ஹெர்க் மதகுப் புரதத்தை அறியும் பிறபொருளெதிரி. முயலில் உருவாக்கியது. ஆய்வுக்கு மட்டும்.'