உருகிப்போன ஈயச் சொம்பும் மிச்சமிருக்கும் பாத்திரங்களும்

பாட்டியின் ஈயச் சொம்பை நான் உருக்கிவிட்டேன். சொம்பை அடுப்பில் வைத்துப் பற்றவைத்துவிட்டேன், புளித்தண்ணீரை ஊற்றப் போகிற நேரத்தில் போன் வந்தது, எடுத்தேன், இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது, திரும்பி வந்து பார்த்தால் சொம்புக்கு அடியே இல்லை. பர்னர் மேல் பாதரசம் மாதிரி ஒரு குட்டை பளபளத்துக்கொண்டு நின்றது. அடுப்பை அணைத்ததும் கண்ணெதிரே மங்கி, இறுகி, கட்டியானது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு குறைஞ்சுது" என்றார். அவர் கஷ்டம் அவருக்கு. எங்கள் வீட்டில் தோசைக்கல் மட்டுமே நாலு இருக்கிறது. கல்சட்டி இரண்டு, வெண்கலப்பானை ஒன்று, பித்தளை உருளி ஒன்று, பரணில் யாருடைய கல்யாணச் சீரோ தெரியாத ஒரு அண்டா, எவர்சில்வருக்குக் கணக்கே கிடையாது. "எல்லாத்துலயும் சமையல்தானே பண்ணப்போறே?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: சமையல் ஒன்றுதான், ஆனால் சூட்டை வாங்கி உள்ளே கொடுக்கிற விதத்தில் இதில் எந்த இரண்டும் ஒன்று கிடையாது.

முதலில் சொம்பு. ஈயச் சொம்பு என்றால் வெள்ளீயம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், உலோகங்களில் இது ரொம்பக் குறைச்சல். கேஸ் சுடரின் சூடோ ஆயிரம் டிகிரிக்கு மேலே. அப்படியென்றால் இத்தனை வருஷம் அது உருகாமல் இருந்ததுதான் அதிசயம். காப்பாற்றியது உள்ளே இருந்த தண்ணீர். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், அதற்கு மேல் சூடேறாது, எவ்வளவு எரித்தாலும் அந்தச் சூடெல்லாம் ஆவியாகிப் போய்விடும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2,260 ஜூல் வேண்டும், அது சின்னத் தொகை இல்லை. சுடர் கொடுக்கக் கொடுக்கத் தண்ணீர் வாங்கிக்கொண்டே இருப்பதால், நடுவில் மாட்டிக்கொண்ட மெல்லிய ஈயத் தகடு 100-ஐத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் போகும். பேப்பர் கப்பில் தண்ணீர் ஊற்றி மெழுகுவத்தி மேல் பிடித்தால் கப் எரியாமல் தண்ணீர் சுடுகிறதே, அதே சங்கதி.

ஆனால் தண்ணீர் தொடாத இடத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் ஈயச் சொம்பைச் சின்ன அடுப்பில், சுடர் பக்கவாட்டில் ஏறாமல் வைக்கச் சொல்வார்கள். ரசம் தளதளவென்று கொதிக்கக் கூடாது, நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும் என்கிற விதி ருசிக்காக வந்ததா, சொம்பைக் காப்பாற்ற வந்ததா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஈயத்தில் வைத்த ரசம் தனி ருசி என்கிறார்கள், என் நாக்கும் அதற்குத் தலையாட்டுகிறது, ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு குடித்துப் பார்த்ததில்லை. புளியோடு வெள்ளீயம் அதிகம் சண்டை போடாது, இரும்பும் செம்பும் போடும், அந்த வாடை ரசத்தில் இறங்காது, அவ்வளவுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இதே காரணத்துக்காகத்தான் பித்தளைக்கு உள்பக்கம் ஈயம் பூசினார்கள். பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். புளிக்குழம்பை வெறும் பித்தளையில் வைத்தால் செம்பு கரைந்து இறங்கும், பச்சையாகக் களிம்பு பிடிக்கும், வயிற்றைப் புரட்டும். ஈயம் பூசுகிறவர் தெருவில் உட்கார்ந்து வேலை பார்ப்பதைச் சின்ன வயதில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். துருத்தியால் ஊதிக் கரியைக் கனிய வைத்து, பாத்திரத்தை இடுக்கியால் பிடித்துச் சூடேற்றி, நவச்சாரத் தூளை ஒரு சிட்டிகை போடுவார், குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும், உடனே ஈயக் குச்சியை ஒரு இழுப்பு இழுத்துத் துணியால் ஒரு சுற்று. கறுத்த பாத்திரம் கண்ணாடியாகிவிடும். அந்தப் புகைதான் விஷயம். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு, சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியாகவும் பிரியும். உலோகத்தின் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோலை அந்த அமிலம் தின்றுவிடுகிறது. தோல் போன சுத்தமான செம்போடுதான் உருகிய ஈயம் கலந்து ஒட்டும், அழுக்கு இருந்தால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடிவிடும்.

அடுத்து எவர்சில்வர். இதைச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள், ஆனால் சமைப்பதற்கு இதைவிட மந்தமான உலோகம் கிடையாது. சூட்டைக் கடத்தும் திறனை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தால் செம்புக்கு ஏறக்குறைய 400, அலுமினியத்துக்கு 237, பித்தளைக்கு 110 பக்கம், வார்ப்பிரும்புக்கு 50 பக்கம், எவர்சில்வருக்கு வெறும் 15. அதாவது சுடர் எங்கே படுகிறதோ அங்கேயே சூடு தங்கிவிடும், பக்கத்துக்குப் பரவாது. நம்பாவிட்டால் அடிப்பிடித்த பால் பாத்திரத்தைக் கழுவும்போது பாருங்கள், கருகல் வட்டமாக இருக்கும், அந்த வட்டம் உங்கள் பர்னரின் அச்சு. அப்புறம் ஏன் வீடு முழுக்க எவர்சில்வர்? அதில் 10.5 சதவீதத்துக்குக் குறையாமல் குரோமியம் இருக்கிறது, காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது, கீறினாலும் அந்தப் படலம் தானே திரும்ப வளரும். துருவும் இல்லை, களிம்பும் இல்லை, புளி மோர் எதுவும் ஒன்றும் செய்யாது. 1913-ல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி இப்படி ஓர் உலோகத்தை வார்த்தது துப்பாக்கிக் குழல் அரிக்காமல் இருப்பதற்கு வழி தேடும்போதுதான். மூன்றடுக்குப் பாத்திரம் என்று இப்போது விற்கிறார்களே, அது நடுவில் அலுமினியம், இருபுறமும் எவர்சில்வர். பரப்புகிற வேலை ஒருவருக்கு, தாங்குகிற வேலை இன்னொருவருக்கு. நல்ல ஏற்பாடுதான். கனத்தைப் பார்த்து வாங்குங்கள்.

தோசைக்கல்லுக்கு வருவோம், நாலு கல் வைத்திருப்பவள் இதைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. இரும்புக் கல் சூட்டை ஒன்றும் பிரமாதமாகக் கடத்துவதில்லை, அதன் பலம் கனம். என் பெரிய கல் 2 கிலோ. அதன் சூடு 1 டிகிரி இறங்க 900 ஜூல் போக வேண்டும். குளிர்ந்த மாவை ஊற்றினாலும் கல் அசராமல் இருப்பது இதனால்தான், மெல்லிய தவாவில் மாவு விழுந்ததும் சூடு சட்டென்று படுத்துவிடும், தோசை வெளுத்துப்போகும். அடுத்த தோசைக்கு முன்னால் தண்ணீர் தெளிக்கிறோமே, அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கை தண்ணீர் 10 கிராம் என்று வையுங்கள், அது சூடாகி முழுக்க ஆவியானால் சுமார் 26,000 ஜூலைக் கல்லிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும், கல் கிட்டத்தட்ட 29 டிகிரி இறங்கும். தெளித்த தண்ணீர் சுருக்கென்று ஆவியானால் மாவு ஊற்றலாம். முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் 200 டிகிரி பக்கம் போய்விட்டது என்று அர்த்தம், துளிக்கும் கல்லுக்கும் நடுவில் நீராவியே மெத்தையாகி நிற்கிறது. 1756-ல் இதை எழுதிவைத்த ஜெர்மன் மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் பெயரில்தான் இந்த விளைவை இன்றைக்கும் சொல்கிறார்கள். நம் வீடுகளில் இதற்குப் பெயர் கிடையாது, "கல் காய்ஞ்சு போச்சு, அடுப்பைக் குறை" என்பார்கள்.

கல்லைப் பழக்குவதும் வேதியியல்தான். எண்ணெயை மெல்லிசாகத் தடவிப் புகையும்வரை சூடேற்றினால் எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து இறுகி, கறுப்பாக, வழவழப்பாக, ஏறக்குறைய வார்னிஷ் மாதிரி ஒரு தோலாகிவிடும். இரும்பின் நுண்ணிய மேடுபள்ளம் அதில் மூடிப்போகும். இதற்கு நல்லெண்ணெய் உதவும், தேங்காய் எண்ணெய் அவ்வளவாக உதவாது, ஏனென்றால் தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்றது, கைகோக்கக் கையே இல்லை. நான் ஒருமுறை கல்லில் தக்காளித் தொக்கு கிளறி, ஆறு மாதம் வளர்த்த தோலை அரை மணி நேரத்தில் உரித்திருக்கிறேன். அடுத்த நாள் முதல் தோசை மட்டுமில்லை, ஏழாவது தோசையும் பிய்ந்துதான் வந்தது.

கல்சட்டி இதெல்லாவற்றுக்கும் எதிர்த்திசை. சேலத்து மாக்கல், நகத்தால் கீறலாம் போல மெத்தென்ற கல், பவுடர் டப்பாவில் இருக்கிற டால்க் கனிமம்தான் அதில் பிரதானம். எவர்சில்வரின் 15-ஐ மந்தம் என்றேன், இதற்கு ஏறக்குறைய 3. சூடாவதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் கிலோவுக்குக் கிலோ இரும்பைப் போல இரண்டு மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும், வத்தக்குழம்பை இறக்கி மேடையில் வைத்த பிறகும் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். முதல் நாளே அடுப்பில் ஏற்றக் கூடாது. அடி சூடாகி விரிய, மேலே இருப்பது குளிர்ந்தபடி விரியாமல் நிற்க, அந்த இழுபறியில் கல் விண்டுவிடும். அதற்குத்தான் நாலைந்து நாள் சூடான வடிகஞ்சியை ஊற்றி ஊற்றி வைத்து, பிறகு எண்ணெய் தடவிப் பழக்குவது. என் முதல் கல்சட்டி அவசரத்துக்குப் பலி. "டக்" என்று ஒரே சத்தம், அப்புறம் அடுப்பெல்லாம் குழம்பு.

சரி, சொம்புக்குத் திரும்புகிறேன், அந்தக் கதை முடியவில்லை. தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கும் ஓடுகிறது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. காரீயம் மலிவு, உடம்புக்கு விஷம், இந்த அளவுவரை பரவாயில்லை என்று உலக சுகாதார நிறுவனம் எந்த அளவையும் சொல்வதில்லை. புளிப்பில் அது கரையும். பார்வைக்கு இரண்டும் பளபளப்புதான், ஆனால் கனத்தில் மாட்டிக்கொள்ளும்: வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்துக்கு 11.3.

புதுச் சொம்பு வாங்கி வந்ததும் சமையலறைத் தராசில் நிறுத்தேன், 437 கிராம். பிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, சொம்பை நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல், உள்ளே காற்றுக் குமிழி தங்காமல் முழுக்க முக்கினேன். தராசு 60 காட்டியது. சொம்பு ஒதுக்கிய தண்ணீரின் எடை அது, அதாவது அதன் கனஅளவு 60 மில்லி. 437-ஐ 60-ஆல் வகுத்தால் 7.28. நிம்மதி. ரொம்பக் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தத் தராசுக்குத் தெரியாது என்பதும் தெரியும், இருந்தாலும் நிம்மதி.

சும்மா இருக்காமல், உருகி இறுகிய பாட்டியின் கட்டியையும் முக்கினேன். 212 கிராம். ஒதுக்கிய தண்ணீர் 27. அடர்த்தி 7.85. தராசு ஒரு கிராம் தப்பு காட்டினாலும் 7.3-க்கு இறங்காது. கலந்திருப்பது காரீயம் என்று தராசு சொல்லாது, கனமான ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் சொல்லும், ஆனால் ஈயச் சொம்பில் சேர்க்கிற மலிவுச் சரக்கு எது என்று ஊருக்கே தெரியும். காரீயம்தான் என்றால் ஐந்தில் ஒரு பங்கு வருகிறது. அந்தக் கலவை 232 வரை காத்திருக்காது, 183-லேயே இளக ஆரம்பித்துவிடும். போனில் இரண்டே நிமிஷம் பேசியதற்கு அடி ஏன் அவ்வளவு சீக்கிரம் போனது என்பதற்கும் இதில் கொஞ்சம் பதில் இருக்கலாம்.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். "அதுல ரசம் குடிச்சுதான் உங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தார்" என்று வைத்துவிட்டாள். அரை மணி கழித்து அவளே கூப்பிட்டாள். "அடுத்த தடவை வரும்போது அந்தத் தராசையும் எடுத்துக்கிட்டு வா. என்னோடதையும் ஒரு தடவை முக்கிப் பாத்துடலாம்."